மூன்று பொக்னல், மூன்று சம்கேதாங்

தென் கொரியாவின் சுவோன் நகரில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆன பின்னும், வியர்த்துக் கொட்டும் கோடையில் ஆவி பறக்கும் கோழிச் சாற்றுக்காக மக்கள் உணவக வாசலில் வரிசையில் நிற்பது எனக்கு விளங்கவே இல்லை. கோடையின் உச்சத்தில் சோபொக், சுங்பொக், மல்பொக் என்று மூன்று நாள்களைக் குறித்துவைத்து, அவற்றைப் பொக்னல் என்கிறார்கள். கொரிய மொழியில் 'நல்' என்றால் நாள் என்பதால், இந்தச் சொல் மட்டும் எனக்கு ஒருபோதும் மறந்ததில்லை. வெப்பத்தை வெப்பத்தாலேயே அடக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு 'இயொல் சியொல்' என்றொரு தொடரும் உண்டு. 2025-இல் ஜூலை 20, ஜூலை 30, ஆகஸ்ட் 9 ஆகியவை அந்த நாள்களாக அமைந்தன. மூன்றிலும் சம்கேதாங் எனும் அந்தக் கோழிச் சாற்றைச் சமைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஏறத்தாழ 500 கிராம் எடையுள்ள இளங்கோழியின் வயிற்றுக்குள் ஒட்டும் அரிசி, பூண்டு, காய்ந்த சிவப்பு இலந்தை, இன்சாம் எனப்படும் ஜின்செங் வேர் ஆகியவற்றை அடைத்து, முழுக்கோழியாகவே வேகவைப்பதுதான் சம்கேதாங். தோல் உரித்த கோழிக்கே பழகிய எனக்குத் தோலோடு சமைப்பது முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் அரிசியைத் தாங்கும் பை அந்தத் தோல்தான் என்பதை முதல் முயற்சியிலேயே உணர்ந்தேன்.

அன்று அரிசியைக் கழுத்துவரை திணித்துவிட்டேன். அரைமணி நேரத்தில் அரிசி உப்பவும் தோல் சுருங்கவும், கோழி வயிறு வெடித்து, பானை முழுவதும் கஞ்சியானது. போதாக்குறைக்கு, நம் வீட்டு வழக்கப்படி தொடக்கத்திலேயே உப்பையும் போட்டிருந்தேன். இங்கே சாற்றில் உப்பு சேர்ப்பதில்லை. உப்பும் மிளகுத்தூளும் கலந்த சிறு கிண்ணத்தைத் தனியே வைத்து, இறைச்சியை அதில் தொட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டாம் முறை பாதி வயிறுதான் நிரப்பினேன் என்றாலும், அரிசியை இருபது நிமிடமே ஊறவைத்திருந்ததால் நடுவில் இருந்த மணிகள் பல்லில் கடிபட்டன. உடலுக்கு நல்லது என்று நான்கு வேர்களைப் போட்டதில் சாறு கஷாயமாகவே கசந்தது. நல்லதை நாலு மடங்காக்கினால் நாலு மடங்கு நல்லதாகும் என்று நான் நம்பியதற்குக் கிடைத்த கூலி அது.

மல்பொக்கிற்கு முந்தைய மாலை, மேல்மாடியில் வசிக்கும் கொரியப் பாட்டி ஒருவர் கால்களைக் கட்டும் முறையைக் காட்டினார். நூலே வேண்டாம்: ஒரு தொடையருகே தோலில் சிறு கீறல் போட்டு, மற்றக் காலின் நுனியை அதற்குள் நுழைத்துவிட்டால், கோழி சம்மணமிட்டு அமர்ந்ததுபோல் கால் பின்னி, வயிற்று வாயும் மூடிக்கொள்கிறது. வால்பகுதிக் கொழுப்பை வெட்டி எறிந்துவிட வேண்டும் என்றும் அவர் சொன்னார். முந்தைய இரு முறையும் சாற்றின் மேல் மிதந்த எண்ணெய்ப் படலத்துக்குக் காரணம் அதுவே.

மறுநாள், இரண்டு மணி நேரம் ஊறிய அரிசியை வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பினேன். வேர் ஒன்று, அதுவும் தலைப்பகுதி நீக்கியது. குளிர்ந்த நீரில் வைத்து, கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, தணலைக் குறைத்து ஒரு மணி நேரம் விட்டேன். சாறு வெண்மையாகத் திரண்டது. துக்பெகி எனும் மண்சட்டிக்கு மாற்றி மீண்டும் ஒருமுறை கொதிக்கவிட்டு, நறுக்கிய வெங்காயத்தாளைத் தூவினேன். கரண்டியால் தொட்டதும் எலும்பை விட்டு இறைச்சி விலகியது. உள்ளேயிருந்த அரிசி கோழியின் சாரத்தையெல்லாம் குடித்துக் குழைந்திருந்தது. மருந்து மணம் இருந்தது, கசப்பு இல்லை.

ஒரு சட்டியைப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் கரண்டிச் சாற்றை ஊதிக் குடித்தவர், எதுவும் சொல்லாமல் உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு காலைப் பிய்த்தார்.