விசிலுக்கும் உதைக்கும் நடுவில்

ஜூலை 6, ஞாயிறு

நான் கோச்சாக இருக்கும் பெண்கள் கால்பந்து அணிக்கு இன்று போட்டி. 3-1 என்று தோற்றோம். தோற்றதுகூடப் பரவாயில்லை. வாங்கிய மூன்று கோலில் இரண்டு கார்னரில் (மைதான மூலையிலிருந்து உதைப்பது), ஒன்று ஃப்ரீ கிக்கில் (தப்பாட்டத்துக்காக எதிரணிக்குக் கிடைக்கும் உதை). பந்து ஓடிக்கொண்டிருந்த வரை எங்கள் பெண்களை யாராலும் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. பந்து நின்ற இடத்தில்தான் விழுந்தோம்.

ஒரு பிள்ளையின் அப்பா செல்போனில் எடுத்த வீடியோவை ராத்திரி போட்டுப் பார்த்தேன். முதலில் கோலை மட்டும் பார்த்தேன். அப்புறம் பதினைந்து நொடி பின்னால் தள்ளிப் பார்த்தேன். அங்கேதான் விஷயம் இருந்தது. பந்து கோட்டைத் தாண்டியதும் 4ஆம் நம்பர் குனிந்து சாக்ஸை இழுத்துவிடுகிறாள். இரண்டு பேர் ரெஃப்ரியிடம் கையை விரித்து, பந்து தங்கள் மேல் படவே இல்லை என்கிறார்கள். கோல்கீப்பர் கையுறைப் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டுகிறாள். எண்ணிப் பார்த்தேன், ஆறு பேருடைய முதுகு பந்தின் பக்கம். எதிரணிப் பெண் பக்கத்திலிருந்தவளுக்குத் தட்டிவிட்டாள், அவள் இரண்டடி உள்ளே வந்து அடித்தாள். அவ்வளவுதான்.

"இன்னும் உயரமாகக் குதி" என்று போன மாதம் முழுக்க நான் கத்தியது வேறு ஏதோ நோய்க்கு மருந்து.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என் நோட்டில் ஐந்து கார்னர் திட்டங்கள் இருந்தன. ஒரு கை தூக்கினால் ஒன்று, இரண்டு கை தூக்கினால் இன்னொன்று, இடுப்பில் கை வைத்தால் மூன்றாவது. இன்று பிள்ளைகளிடம் கேட்டால் மூன்று பேருக்கு மூன்று விதமாக நினைவிருக்கிறது. நாலாவதையும் ஐந்தாவதையும் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டேன்.

தடுப்புக்கு வருவோம். ஆளாளுக்கு ஒருத்தியைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா என்பது பெரியவர்கள் ஆட்டத்திலேயே தீராத சண்டை. பதினாலு வயதுக்குட்பட்டவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருத்தி ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிடுகிறாள், பக்கத்தில் நிற்பவள் அப்படியே இருக்கிறாள். நாங்கள் கலந்துகட்டி வைத்திருக்கிறோம். கோல் அருகே உள்ள சின்னக் கட்டத்தின் கோட்டில் உயரமான மூவர், இடத்தைக் காக்க. எதிரணியில் தலையால் முட்டி நன்றாக ஹெட்டர் அடிக்கும் நால்வருக்கு ஆளுக்கொருத்தி. முதல் போஸ்ட்டில் (கார்னருக்குக் கிட்ட உள்ள கோல் கம்பத்தில்) ஒருத்தி, பாக்ஸுக்கு (கோல் முன் உள்ள பெரிய கட்டத்துக்கு) வெளியே தெறித்து வரும் பந்துக்கு ஒருத்தி, முன்னால் ஓட ஒருத்தி.

ஆளைப் பிடிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பிடிக்க வேண்டியவள் முதுகுக்குப் பின்னால் நழுவிவிடுவாள். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஒரு கண்ணில் பந்தும் ஒரு கண்ணில் ஆளும் தெரியும். சொன்னால் புரிவதில்லை. கையை நீட்டி, ஒரு விரலால் பந்தையும் இன்னொரு விரலால் ஆளையும் காட்டச் சொன்னால் உடம்பு தானாகத் திரும்பிக்கொள்கிறது.

கடைசி இருபது நிமிடம் முதுகுப் பயிற்சி. ஆட்டத்தின் நடுவே நானே பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, எல்லோரும் பந்தைப் பார்த்துத் தன் இடத்தில் நிற்கும் வரை எண்ணுவேன். முதல் தடவை பதினாலு. கடைசியில் ஆறு. "திரும்பு!" என்று கத்தியபோது பாதிப் பேர் எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். யோசித்தால் அவர்கள் மேல் தப்பில்லை. கோல்கீப்பர்தான் வேறு சொல் தந்தாள்: "முகம்!" இனி அதுதான்.

ஜூலை 10, வியாழன்

சுவர். ஃப்ரீ கிக்கை மறிக்க நம் ஆட்கள் வரிசையாக நிற்பது. பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நான் காலை அகட்டிப் பத்துத் தப்படி வைத்துக் காட்டினேன். எதிரணி நமக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, விசிலுக்கு நிற்கும்படி ரெஃப்ரி சொல்லாவிட்டால் உடனே அடித்துவிடலாம் என்பது பாதிப் பேருக்கு இன்றுதான் தெரிந்தது. சுவர் கட்டுவது யார் வேலை? கோல்கீப்பர் வேலை. எங்கள் கோல்கீப்பருக்குப் பந்தைக் கண்டு பயமில்லை, தன் குரலைக் கண்டுதான் பயம். "கொஞ்சம் இடது பக்கம்" என்று அவள் சொல்வது அவளுக்கே கேட்காது. அதனால் இன்றைய பயிற்சியில் பாதி சுவரே இல்லை, குரல்தான். அவளைப் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, சுவரின் கடைசி ஆள் போஸ்ட்டுக்கும் பந்துக்கும் நேராக வரும் வரை கத்தவைத்தேன். பத்தாவது தடவை பக்கத்து மைதானத்தில் விளையாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைய வெற்றி அது.

சுவரில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அந்த இடைவெளியில் பந்து போய்விடுகிறது. அதற்காகப் பயப்படும் பிள்ளையைத் திட்டுவது கொடுமை. காற்று குறைந்த பந்தைக் கையால் எறிந்து தொடங்கினோம், அப்புறம் மெதுவாக உதைத்தோம். இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை.

சுவரில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால், அடிக்கும் அணியினர் ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது 2019ல் வந்த விதி. அதற்கு முன் சுவருக்குள் நுழைந்து முழங்கையால் இடிப்பதே ஒரு கலையாக இருந்தது. நல்லவேளை, இவர்கள் அதைப் பார்க்கவில்லை.

2018ல் பார்சிலோனாவுக்கு எதிராக இன்டர் மிலனின் ப்ரோஸோவிச் சுவருக்குப் பின்னால் படுத்து சுவாரெஸின் தாழ்ந்த ஃப்ரீ கிக்கைத் தடுத்ததை யாரோ காட்டிவிட்டார்கள் போல. யார் படுப்பது என்று பெரிய போட்டி. சுவர் குதிக்கப் போவதில்லை என்றால் படுக்க அவசியமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஹெட்டரை இன்று பத்தோடு நிறுத்தினேன். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2020ல் இந்த வயதுக்கு வாரத்தில் ஒரே பயிற்சி, அதிகபட்சம் பத்து என்று வழிகாட்டியது. நானும் அதையே பின்பற்றுகிறேன். கார்னர் பயிற்சியில் மிச்ச நேரமெல்லாம் கையால் பிடிக்கச் சொல்கிறேன். எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று பழக அது போதும்.

ஜூலை 13, ஞாயிறு

மைதானம் முழுக்கத் தண்ணீர். போட்டி இல்லை.

பிள்ளைகளை உட்காரவைத்து, 2019 மே 7 அன்று லிவர்பூல் பார்சிலோனாவுக்கு எதிராக அடித்த நாலாவது கோலைக் காட்டினேன். அலெக்சாண்டர்-அர்னால்ட் கார்னரை விட்டு நகர்வதுபோல நகர்ந்து, சட்டென்று திரும்பி அடிக்கிறார், ஒரிகி தனியாக நிற்கிறார். கோலுக்கு முந்தைய நொடியில் நிறுத்தி, பந்தைப் பார்க்காத பார்சிலோனாக்காரர்களை எண்ணச் சொன்னேன். "கோச், பெரியவங்களுக்கும் இது நடக்குமா?" என்று 4ஆம் நம்பர் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதிக்காகவே இன்னொரு தடவை ஓடவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று நாங்கள் அடிக்கும் கார்னர். டிவியில் பார்ப்பதுபோல பின் போஸ்ட்டுக்குத் தூக்கியடிக்கும் கால் எங்களில் ஒருத்திக்குத்தான் உண்டு, அதுவும் பத்தில் மூன்று தடவை. ஆகவே முதல் திட்டம், முதல் போஸ்ட்டை நோக்கி இடுப்பு உயரத்தில் வேகமாக ஒரு பந்து. அங்கே கூட்டத்தில் யார் காலில் பட்டாலும் ஏதாவது நடக்கும். இரண்டாவது, பக்கத்தில் ஒருத்திக்குத் தட்டிவிட்டு இரண்டு பேர் ஒருத்தியைத் தாண்டுவது.

இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்று பந்தை வாங்கும் தப்பு) கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கார்னர் அடித்தவள் அங்கேயே கோட்டோரம் நின்று பந்தைத் திரும்ப வாங்கினால் கொடி உயர்ந்துவிடும். அது கார்னர் இல்லை, சாதாரண பாஸ். அடித்த உடனே வளைந்து மைதானத்துக்குள் வரவேண்டும் என்று ஒரு கோன் வைத்து, அதைச் சுற்றிவரச் சொன்னேன். கோன் இருக்கும்போது வருகிறார்கள்.

2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோலில் 9 பெனால்ட்டியும் சேர்த்து இப்படி நின்ற பந்திலிருந்து வந்தவை. அவர்கள் பாக்ஸில் ரயில்போல வரிசையாக ஒருவர் பின் ஒருவர் நின்று, பந்து வரும்போது சிதறி ஓடுவார்கள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ரயில் பிடித்துப்போய்விட்டது, சிதற மனமே வரவில்லை. கூவிக்கொண்டே பாக்ஸைச் சுற்றினார்கள். சரி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டேன்.

எதிரணி கோல்கீப்பர் மேல் ஒருத்தியை உரசி நிற்கவைத்தால் பலன் கிடைக்கும் என்று ஒரு பெற்றோர் யோசனை சொன்னார். கிடைக்கும்தான். எங்கள் கோல்கீப்பர் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள். அதே வயதில் எதிர்ப்பக்கம் நிற்பவளுக்கு அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

ஜூலை 17, வியாழன்

த்ரோ இன் (பக்கக் கோட்டிலிருந்து பந்தைக் கையால் எறிவது) பத்து நிமிடம். இரண்டு காலும் தரையில், பந்து தலைக்குப் பின்னாலிருந்து வரவேண்டும், இதற்கும் ஆஃப்சைடு கிடையாது. முன்னால் இருப்பவள் பந்தை நோக்கி ஓடிவர, அவள் விட்ட இடத்துக்கு இன்னொருத்தி ஓட வேண்டும். பாதிப் பேர் கேட்கவில்லை. மிச்ச நேரம் முதுகுப் பயிற்சி. இன்று நாலு நொடி!

ஜூலை 20, ஞாயிறு

1-1.

முதல் பாதியில் எங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, யாருக்குப் போடலாம் என்று பார்த்தபடியே நின்றாள். 2025 ஜூலையிலிருந்து எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். ரெஃப்ரி கையை உயர்த்திக் கடைசி ஐந்து நொடியை விரல்விட்டுக் காட்டினார், இவள் பார்க்கவே இல்லை. விசில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "முகம்!" என்று ஒரு குரல். 4ஆம் நம்பர். திறந்து பார்த்தால் எல்லோரும் இடத்தில். எதிரணி அவசரமாகத் தட்டிவிட்டது, எங்கள் ஆள் போய் மறித்துவிட்டாள்.

எங்களுக்குக் கிடைத்த கார்னர் ஐந்து. இரண்டு வெளியே போனது, இரண்டை அவர்கள் அடித்து விரட்டினார்கள். ஐந்தாவதில் பக்கத்தில் தட்டி, அடித்தவள் கோட்டோரமே நின்று பந்தை வாங்கினாள். கொடி. கோனை மைதானத்துக்குள் வைக்க விதியில் இடமில்லை.

கோல் வந்தது த்ரோ இன்னில்! பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்ததில்! வாங்கிய கோல் ஃப்ரீ கிக். சுவரில் கடைசியாக நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டே வந்தாள், நான் பந்தைப் பற்றிப் பேசவே இல்லை.

கிளம்பும்போது கோல்கீப்பர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோச், அந்த எட்டு நொடியை யார் எண்ணுவாங்க?"

"ரெஃப்ரி."

"அப்போ நானும் எண்ணணுமா?"

"எண்ணணும். சத்தமா."