டஹோ ஏரி மட்டி ஆய்வு: படகைக் காயவைத்த கதை

என்னிடம் இருப்பது 14 அடி அலுமினியப் படகு, பின்னால் ஒரு சின்ன அவுட்போர்டு எஞ்சின். பெரும்பாலும் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ டெல்டாவில்தான் ஓடும். இந்தக் கோடையில் அதை மலைமேல் இருக்கும் டஹோ ஏரிக்கு ஏற்றிப்போய் கோக்கனி சாமன் மீன் பிடிக்க ஆசை. நடுவில் நிற்பது மட்டி ஆய்வு: வெளியூர் மட்டி ஏரிக்குள் வந்துவிடாமல் இருக்க, படகை இறக்குவதற்கு முன் சோதிப்பது.

டெல்டா படகு என்றாலே இப்போது ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் கோல்டன் மஸ்ஸல் கிடைத்தது. வட அமெரிக்காவில் அது தென்பட்டது அதுவே முதல்முறை. சீனா, தென்கிழக்காசியப் பக்கத்து நன்னீர் மட்டி. குழாய், மதகு, எஞ்சின் என்று எதிலும் கொத்துக்கொத்தாக ஒட்டி அடைத்துவிடும். 2007இல் நெவாடா, அரிசோனா எல்லையில் உள்ள மீட் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட குவாகா மட்டிக்குப் பயந்துதான் டஹோவில் அடுத்த வருஷமே படகு ஆய்வைத் தொடங்கினார்கள். டஹோ தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, ஓடு கட்ட மட்டிக்குச் சிரமம் என்று ஓர் ஆறுதல் இருந்தது. கோல்டன் மஸ்ஸல் குவாகாவைவிடக் குறைந்த சுண்ணாம்பிலும் பிழைக்கிறது. அந்த ஆறுதலும் போயிற்று. 2025 முதல், டஹோ ஆய்வாளர்கள் போடும் செல்லுபடியாகும் முத்திரை இல்லாத எந்த மோட்டார் படகுக்கும் வெந்நீர்க் குளியல் கட்டாயம்.

வெந்நீரை அவர்களே அடிப்பார்கள் என்றால் நமக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. ஆய்வாளர் தேடுவது மட்டியை மட்டும் அல்ல, தண்ணீரை. மட்டியின் லார்வா கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். அதனால் டெல்டாத் தண்ணீர் எங்கே கொஞ்சம் தேங்கியிருந்தாலும் வில்லங்கம்தான்.

முதலில் வெளிப்பக்கம். பாசி, புல், சேறு எல்லாவற்றையும் டெல்டாவின் இறங்குதுறையிலேயே கழற்றிவிட்டு, வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். காய்ந்த பிறகு அடிப்பக்கத்தை வெறுங்கையால் தடவிப் பார்த்தேன். குட்டி மட்டி ஒட்டியிருந்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். சோனார் கருவியின் தாங்கியை மட்டும் கழற்றிப் பார்ப்பது நல்லது, அதன் பின்னால் விரல் போகாது.

அவுட்போர்டு சுலபம். எஞ்சினை நேராக இறக்கி நிறுத்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். மிச்சத்தை எடுக்கிறேன் என்று தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள், உள்ளே தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகும். கையால் கயிற்றை ஓரிரு தரம் இழுத்தால் போதும்.

உயிரைக் குடித்தது படகின் உள்பக்கம். தண்ணீர் வடிக்கும் ஓட்டையை அடைக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றி, சமதரையில் நிறுத்தி, ஒரு சொட்டும் வரவில்லை என்று திருப்திப்பட்டேன். பிறகு டிரெய்லர் ஜாக்கைச் சுற்றிப் படகின் மூக்கைத் தூக்கியதும் கால் வாளி தண்ணீர் கொட்டியது! இருக்கைக்கு அடியில் இருக்கும் மிதவை நுரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 50ஆம் நெடுஞ்சாலையில் மலையேறும்போது மூக்கு மேலே போகும். ஆய்வு நிலையத்தில் பிளக் ஓட்டையிலிருந்து வடிய ஆரம்பித்தால் யாரிடம் என்ன சொல்வது? அதனால் ராத்திரி முழுக்க மூக்கைத் தூக்கியே வைத்தேன்.

மீனை உயிரோடு வைக்கும் தொட்டியின் பம்ப் குழாயில் எப்போதும் கொஞ்சம் நிற்கும். குழாயின் கீழ்முனையைக் கழற்றி ஊதினேன். மூலைகளுக்குப் பெரிய ஸ்பாஞ்சும் துண்டும். நங்கூரக் கயிற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வேலியில் விரித்துப் போட்டேன், நடுச்சுற்று கடைசிவரை ஈரமாகவே இருந்தது. டிரெய்லரில் படகு உட்காரும் பலகைகளின் கார்ப்பெட்டும் அப்படித்தான். படகு மேலே இருக்கும்வரை அது காயவே காயாது. படகைக் கொஞ்சம் நகர்த்தி டேபிள் ஃபேனை வைத்தேன். சாக்ரமெண்டோ வெயிலைத் திட்டுபவர்கள் இந்த ஒரு வேலைக்கு அதை வாழ்த்தலாம்.

ஐஸ் பெட்டியைப் படகுக்குள் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். உருகி வழிந்தது ஐஸா ஆற்றுத் தண்ணீரா என்று ஆய்வாளருக்குத் தெரியாது.

முன்பதிவு செய்துகொண்டு மையர்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் போனேன். கடைசியாக எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்டார் ஆய்வாளர். டெல்டா என்றதும் டார்ச் வெளியே வந்தது. எஞ்சினை இறக்கச் சொன்னார், ஒவ்வொரு மூடியையும் திறக்கச் சொன்னார், பிளக் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் காய்ந்தே வந்தது. பிறகு வெந்நீர்: வெளிப்பக்கத்துக்கு 60 டிகிரி செல்சியஸ், பம்ப் உள்ள மீன் தொட்டிக்கு 49 டிகிரிதான், அதற்குமேல் பம்ப் தாங்காது. எஞ்சினுக்குள்ளும் வெந்நீர் ஓடியது. கடைசியில் படகையும் டிரெய்லரையும் சேர்த்துக் கம்பி முத்திரை போட்டார். அதை இறங்குதுறையில் அவர்கள்தான் வெட்ட வேண்டும், நாம் தொடக்கூடாது.

ஏரியை விட்டு வெளியேறும்போது மறுபடி முத்திரை வாங்கிக்கொண்டேன். அது உடையாமல் இருக்கும்வரை அடுத்த முறை வெந்நீர் கிடையாது, நேராக இறங்கலாம். ஆனால் நடுவில் ஒரு தடவை டெல்டாவில் இறக்கினாலும் முத்திரை போய்விடும். ஆகவே இந்த சீசன் முடியும்வரை படகு டஹோவுக்கு மட்டும். டெல்டாவில் மீன் பிடிக்கக் கரையில் நின்றே தூண்டில் போட்டுக்கொள்கிறேன்.