நர்ஸ் வேலை இல்ல, சித்தி

கருங்கல் சந்தையில் யாராவது அம்மையிடம் "மவ எங்க இருக்கா?" என்று கேட்டு, "வெளிநாட்டுல" என்று பதில் வந்துவிட்டால் அடுத்த கேள்வி "நர்சாட்டா?" என்பதுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. குவைத்திலோ சவுதியிலோ அயர்லாந்திலோ இருக்கும் ஒரு நர்சின் சம்பளத்தில் எழும்பிய வீடு இல்லாத தெரு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குறைவு. நான் நர்ஸ் இல்லை. ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்தில், பெண்களின் உடல்நலத்தை ஆராயும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்ட மாணவி. கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதாமாதம் எப்படி உரிகிறது, தழும்பே இல்லாமல் எப்படி ஆறுகிறது, சிலருக்கு அது ஏன் இருக்கவேண்டிய இடத்தை விட்டு வெளியே ஒட்டி வளர்கிறது என்பவைதான் எங்கள் கூடத்தின் கேள்விகள். இதைச் சந்தையில் நின்று சொல்ல முடியுமா? அம்மை "ஆராய்ச்சி பண்ணுகா" என்று முடித்துவிட்டு மீன் விலைக்குத் தாவிவிடுவாள்.

போன புதிதில் பட்ட பாடு எல்லாரும் பட்டதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் படிப்புக்காலம் முழுவதற்கும் சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டிவிட்டால் டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம். ஸ்காட்லாந்தில் டாக்டர் எழுதித் தரும் மருந்துக்கும் காசு வேண்டாம். டிசம்பரில் பிற்பகல் 3.40க்கெல்லாம் சூரியன் போய்விடும். கறுத்த தோல்காரர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே சொல்கிறது. முட்டம் கடற்கரையில் வெயிலுக்கு முகம் சுளித்து வளர்ந்தவள், அங்கே வெயிலை மாத்திரையாக விழுங்குகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஸ்காட்லாந்துக் கடலில் அயலை நிறையக் கிடைக்கும். நம் அயலையைவிட நெய் கூடுதல், புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட வேண்டும். மரச்சீனிக் கிழங்கு உறைந்த பாக்கெட்டில் வரும். வேகும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

எனக்கு நிஜமாகவே புதிதாக இருந்தது பல்கலைக்கழகத்தின் கழிப்பறை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடை, அதில் நாப்கின்களும் டாம்பான்களும். யாரும் எடுக்கலாம், எழுதி வைக்க வேண்டாம், கேட்க ஆள் இல்லை. 2021இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சட்டமாகி, 2022 ஆகஸ்ட் 15 முதல் நடப்புக்கு வந்த ஏற்பாடு. மாதவிடாய்ப் பொருள்களை வேண்டியவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதைச் சட்டக் கடமையாக்கிய முதல் நாடு அதுதான். எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்காரர் பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் கறுப்பு கவரும் போட்டுத் தருவார். அந்தக் கவருக்கு மட்டும் ஒருநாளும் காசு வாங்கியதில்லை.

ஆய்வுக்கூடம் இருப்பது நகரின் தென்கிழக்கு ஓரத்தில், லிட்டில் பிரான்ஸ் என்ற இடத்தில், ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வளாகத்தில். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தாக வேண்டும். வழக்கமாக எல்லா ஆய்வுக்கும் எலியைப் பிடிக்கிறார்களே, அந்த எலிக்கு இயற்கையில் மாதவிடாய் கிடையாது. மனுஷிக்கு உண்டு, சில குரங்கினங்களுக்கு உண்டு, சில வௌவால்களுக்கு உண்டு. அதனால் பெண்கள் மனம் உவந்து தரும் திசுதான் எங்களுக்கு ஆதாரம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் ஒரு மாணவி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். வருவது சுண்டுவிரல் நகத்தளவு திசு. மேலே பெயர் இருக்காது. ஓர் எண், வயது, மாதச் சுழற்சியின் எத்தனையாவது நாள், ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாரா என்பது, அவ்வளவுதான்.

அதைக் கழுவி, கண்ணாடித் தட்டில் வைத்துக் கத்தியால் பொடியாக அரிவோம். கொலாஜினேஸ் என்ற நொதியில் போட்டு 37 டிகிரியில் வைத்தால் திசுவின் பிணைப்பு மெல்ல இளகும். பிறகு 40 மைக்ரான் சல்லடையில் விட்டால் தனிச் செல்கள் கீழே இறங்கிவிடும், சுரப்பிகள் மேலே தங்கும். சல்லடையைக் கவிழ்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து கழுவினால் அந்தச் சுரப்பிகள் கிடைக்கும். அவற்றைக் கூழ்போன்ற ஒரு பொருளின் சொட்டுக்குள் வைத்து வளர்த்தால் சில நாட்களில் உள்ளே வெற்றிடமுள்ள குட்டி உருண்டைகள் வரும். ஆர்கனாய்டு என்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அசல் வெந்த ஜவ்வரிசி. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்தால் உடம்புக்குள் செய்வதையே தட்டிலும் ஓரளவு செய்து காட்டும். முதல் தடவை அது நடந்ததைப் பார்த்தபோது யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் ஒருவரும் இல்லை. செல்லுக்கு ஞாயிறு கிடையாது, தீனி மாற்றியே ஆக வேண்டும். "ஆராதனைக்குப் போனியா?" என்று அம்மை போனில் கேட்கும்போது பாதி நாள் நான் இன்குபேட்டர் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பேன்.

மாணவர்கள் பல நாட்டுக்காரர்கள். நைஜீரியாக்காரி ஒருத்தி, கிரேக்கப் பெண் ஒருத்தி, கிளாஸ்கோவிலிருந்து வரும் பையன் ஒருவன். அந்தப் பையன் மதியச் சாப்பாட்டு மேசையில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே தன் அம்மாவுக்கு மாதவிடாய் நின்ற கதையைச் சொல்வான். எனக்குத் தலை தானாகக் குனிந்துவிடும். சொந்த ஆய்வைப் பற்றியே ஆண்கள் முன்னால் நிமிர்ந்து பேச எனக்கு நாளாயிற்று. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகியது அதைவிடச் சுலபம்.

வாரம் ஒரு கட்டுரையை எடுத்து எல்லாருமாகப் பிரித்து மேய்வோம். ஒரு வாரம் 2023இல் வெளியான ஓர் ஆய்வு. நாப்கின், டாம்பான், கப் எல்லாம் எவ்வளவு தாங்கும் என்பதை மனித ரத்தத்தை வைத்து முதன்முதலாக ஒப்பிட்டுப் பார்த்தது அதுதான். அதுவரை உப்புத் தண்ணீரையோ வெறும் தண்ணீரையோ ஊற்றித்தான் அளந்திருக்கிறார்கள். நைஜீரியாக்காரி சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. இன்னொன்று: ஒரு சுழற்சியில் 80 மில்லிக்கு மேல் போனால்தான் அதிக ரத்தப்போக்கு என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். வீட்டில் யார் மில்லி கணக்கில் அளப்பது? பிரிட்டனின் வழிகாட்டுதல் 2007இல் அதை மாற்றியது. ஒரு பெண்ணின் அன்றாட வாழ்க்கை கெடுகிறது என்று அவளே சொன்னால் அது அதிகம். கூடத்தில் நான் கற்றவற்றுள் பெரிது இதுதான் என்று நினைக்கிறேன். அவள் வாய்ச்சொல்லும் ஓர் அளவீடு.

திசு வாங்குவதற்கு முதல் படி சம்மதம். ஆராய்ச்சி நர்ஸ் அக்காவோடு வார்டுக்குப் போய் நின்று பார்த்திருக்கிறேன். படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள்: விளக்கத் தாளைப் படித்தேன், கேள்வி கேட்க நேரம் தந்தார்கள், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பெண் தன் இனிஷியலைப் போட வேண்டும், டிக் போட்டால் செல்லாது. சிலர் வேண்டாம் என்பார்கள். அக்கா நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வார், முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பேனா அவர் கைக்குப் போகாது.

அந்த ஊர் மட்டும் ஆதியிலிருந்தே அப்படி இருந்துவிடவில்லை. 1869இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த பெண்களை 'எடின்பரோ எழுவர்' என்பார்கள். 1870 நவம்பர் 18 அன்று உடற்கூறு தேர்வெழுதப் போனவர்களை மறித்து ஆண் மாணவர்கள் சேற்றை வாரி எறிந்தார்கள். தேர்வு நடந்த கூடத்துக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டார்கள். பட்டம் கொடுக்கவில்லை. 2019இல்தான், எழுவரும் இறந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாவட்டத்து நெய்யூர் ஞாபகம் வந்தது. 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியில்தான் என் அப்பச்சி பிறந்தார். 1860களில் அங்கே இருந்த ஜான் லோ என்ற டாக்டர் நம் ஊர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். பிறகு எடின்பரோ மருத்துவ மிஷன் சங்கத்தை நடத்தியதும் அவரே. நெய்யூர்ப் பையன்கள் அப்படி வைத்தியம் படித்து ஆண்டுகள் சில கழிந்தும், எடின்பரோவிலேயே பிறந்த பெண்ணுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். வந்த மறுநாளே சித்தி வந்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லி உடைத்தவர். ஓட்டுப் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் இன்றும் கறுத்துத்தான் கிடக்கின்றன. நாற்பது ஆகுமுன்னே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

"நீ அதத்தானே படிக்க?" என்றார்.

"ஆமா சித்தி. நர்ஸ் வேலை இல்ல."

"எனக்கு எடுத்தத சித்தப்பாக்க கிட்ட டிரேயில வச்சுக் காட்டினாவளாம். நான் மயக்கத்துல கெடந்தேன்."

"நீங்க என்ன ஏதுன்னு கேக்கல்லியா?"

"என்னத்தக் கேக்க மக்களே? அவிய பாத்தாச்சே."

நகத்தளவு திசுவுக்குக் கட்டம் கட்டமாக இனிஷியல் வாங்கும் இடத்திலிருந்து வந்தவளுக்கு உடனே பேச்சு வரவில்லை. ஃபைல் இருக்கிறதா என்று கேட்டேன். ரேஷன் கார்டும் பாங்கு பாஸ்புக்கும் கிடக்கும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளில் மஞ்சள் வட்டம் போட்டிருந்தது. கடைசித் தாளில் திசுப் பரிசோதனை முடிவு, அதில் தட்டச்சு செய்த ஒரே வரி: அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வுத் திசு அதன் தசைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்வது. மாதாமாதம் சுவர் வீங்கும், ரத்தம் கொட்டும், இடுப்பு பிய்ந்து போகும். எங்கள் கூடத்தில் பக்கத்து மேசைக்காரி ஆராய்வது அதைத்தான். இத்தனை வருஷமும் அந்தப் பெயர் இந்த வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. வாசித்துச் சொல்ல ஆள் இல்லை.

"எல்லாரும் சூடுன்னுல்லா சொன்னாவ," என்றார் சித்தி. "எத்தன இளநி குடிச்சேன் தெரியுமா?"

எங்கள் கேள்வித்தாளில் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்வோம். அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். பத்துக்கு எத்தனை என்பதெல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை, அல்லது பிடிக்கவில்லை. "ஆபீசுக்குப் போவாத நாளு எத்தரன்னு கேளு, சொல்லுகேன். கிலோவுக்குத்தானே கூலி, போவல்லேன்னா அன்னைக்குக் கஞ்சி இல்ல. அப்பிடி இருந்தும் மாசத்துல ரெண்டு நாளு போவ முடியாது." இதைவிடத் தெளிவாக எந்தப் படிவமும் எனக்குச் சொன்னதில்லை. வேலைக்குப் போகாத நாள்களும் எங்கள் படிவத்தில் உண்டு, ஆனால் கடைசிப் பக்கத்தில். அதை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பேராசிரியருக்கு அன்று ராத்திரியே மெயில் போட்டேன்.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் எங்கள் மாவட்டத்துக்கு. மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுவோம். வீட்டுக்குள் மகளின் வயிற்றுவலி மட்டும் இன்னும் வெந்தயத் தண்ணீரில்தான் நிற்கிறது. சித்தி வந்ததற்கு உண்மையான காரணம் அவர் மகள். கல்லூரியில் முதலாம் ஆண்டு. மாதாமாதம் வகுப்பில் சுருண்டு விழுகிறாள். ஸ்கேன் எடுத்தாயிற்று, நார்மல் என்று சொல்லிவிட்டார்களாம். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே ஒட்டி வளரும் நோய், இருந்தாலும் வயிற்றறைச் சவ்வில் மேலாகப் படியும் புள்ளிகள் சாதாரண ஸ்கேனில் தெரியாது. உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அந்த நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏறத்தாழ 19 கோடிப் பேர். பிரிட்டனிலேயே கண்டுபிடிக்கச் சராசரியாக எட்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. முன்பு வயிற்றில் துளை போட்டுக் கருவி விட்டுப் பார்த்தால்தான் நம்புவார்கள். 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம் என்கிறது. இவளுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை என்பதை அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு நோட்டைக் கொடுத்து, வலி வந்த தேதி, எந்த இடம், எத்தனை மாத்திரை, எந்த வகுப்பு போயிற்று, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்று எழுதச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், ஆனால் எழுதினாள்.

வரும் திங்கட்கிழமை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் பெண்கள் நோய்ப் பிரிவு ஓ.பி.க்குப் போகிறாள். நோட்டு தயார். கூட யார் போவது என்பதில்தான் வீட்டில் பேச்சு முடியவில்லை. சித்தி தான் வருவேன் என்கிறார். டாக்டரிடம் நானே பேசிக்கொள்வேன், நீ வெளியே பெஞ்சில் இரு என்கிறாள் தங்கச்சி.