கேபின் பட்டறைக்கு, தொட்டி எனக்கு

என் பழைய பிக்கப் வண்டியில் ஓட்டுநர் கேபினுக்கும் பின்னாலுள்ள சரக்குத் தொட்டிக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்கு முன்னால் தெரியும் நீலம் பட்டறையில் அடித்தது. பின்னால் தெரிவது நான் அடித்தது. இரண்டுக்கும் இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. சொந்தமாகப் பெயிண்ட் அடிக்கலாமா, பட்டறையில் விட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால், பேசுவதைவிட அந்த இடைவெளியின் அருகே அழைத்துச் சென்று நிறுத்திவிடுவதே எனக்குச் சுலபமாக இருக்கிறது.

இப்படிப் பாதிப்பாதியாகப் பிரித்தது திட்டமிட்டுச் செய்த சோதனை அல்ல. முழு வண்டிக்கும் பட்டறை கேட்ட தொகை என் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிக்கப்பில்தான் இந்த ஏற்பாடு செல்லும் என்பது பிறகு புரிந்தது. காரில் கதவும் மட்கார்டும் ஒட்டி நிற்பதால் நிறத்தில் இம்மியளவு வேறுபாடு இருந்தாலும் கண்ணில் உறுத்தும். பிக்கப்பிலோ கேபினும் தொட்டியும் சேஸிஸ் மேல் தனித்தனியாக போல்ட் போட்டு நிற்பவை. நடுவிலுள்ள நிழல் சிறு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அதோடு என் வண்டியின் நீலம் மினுமினுப்பு இல்லாத சாதாரண நிறம். மெட்டாலிக் நிறமாக இருந்திருந்தால் நான் துணிந்திருக்கமாட்டேன். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் படியும் விதம் ஸ்ப்ரே கன்னின் தூரத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்து மாறுவதால், ஒரே டின்னிலிருந்து இருவர் அடித்தால்கூட இரண்டு நிறமாகத் தெரியக்கூடும்.

தொகையைக் கேட்டு நான் முகம் சுளித்தபோது பட்டறையின் மூத்த பெயிண்டர் சிரித்துக்கொண்டே, "அடிக்கிறது ஒரு நாள் வேலைதாண்ணே, அதுக்கு முன்னாடி தேய்க்கிறதுக்குத்தான் காசு" என்றார். வியாபாரப் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். தொட்டியைக் கையிலெடுத்த முதல் வாரத்திலேயே அவர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துபோனது.

முதல் வேலை தேய்ப்பதல்ல, கழுவுவது. பழைய பாலிஷிலும் டயர் பளபளப்புத் திரவத்திலும் இருக்கும் சிலிக்கோன் மேற்பரப்பில் இருக்கும்போதே உப்புத்தாளை வைத்தால், அந்த எண்ணெய்ப் பசையை நாமே கீறல்களுக்குள் அழுத்தித் தேய்த்துவிடுகிறோம். பின்னர் பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடங்களில் மட்டும் பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். ஆகவே சோப்புத் தண்ணீரில் கழுவி, பசை நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் வேறொரு துணியால் துடைத்து எடுத்தேன். அதன் பிறகு விளக்குகள், பின்கதவு, கொக்கிகள், ரப்பர்கள் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினேன். மாஸ்க்கிங் டேப் ஒட்டி ஒப்பேற்றிய இடமெல்லாம் பிற்காலத்தில் பெயிண்ட் உரிய ஆரம்பிக்கும் இடம் என்று படித்திருந்தேன். அதை நம்பியது நல்லதாகப் போயிற்று.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கர வளைவின் மேல் விளிம்பில் சிறு நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம் இருந்தது. கம்பித் தூரிகையைச் சுழலவிட்டதும் அது உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. உட்புறம் விரலை விட்டுப் பார்த்தபோது, தண்ணீர் வடிவதற்காக விட்டிருந்த துளை சேற்றால் அடைபட்டிருந்தது. துரு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை, உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. அந்தத் துளையைத் திறக்காமல் மேலே எத்தனை உயர்ந்த பெயிண்டை அடித்தாலும் வீண். வெள்ளை வெளேரென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, குழிகளில் மிஞ்சிய கருமைக்குத் துருமாற்றித் திரவம் தடவி, அதன் மேல் ஈரம் புகாத எபாக்சி பிரைமரை (அடிப்பூச்சு) அடித்த பிறகே, பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் போட்டேன். பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், வெறும் உலோகத்தின் மேல் அதை நேரடியாகப் போடுவதைவிட எபாக்சியின் மேல் போடுவது பாதுகாப்பு. பட்டியில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரின் பங்கு எடையில் சுமார் 2 சதவீதம்தான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகக் கலந்தால், அது மேல் நிறத்தில் கறையாக எழும்பிவரும்.

பட்டி சமமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். கருப்புப் பெயிண்டைத் தூவலாக அடித்து, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால், கருப்பு போகாமல் நிற்கும் இடமெல்லாம் பள்ளம். 80 எண் தாளில் தொடங்கி 180, 320 என்று ஏறி, கடைசி பிரைமரை 600 எண் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்வரை என் மாலைப் பொழுதுகள் ஒரு மாதத்துக்கு மேல் அதிலேயே போயின.

இடையில் ஒரு தவறும் செய்தேன். எபாக்சி படாத ஒரு பக்கத்தில் சாதாரண பிரைமரை மட்டும் அடித்துவிட்டு ஒரு வாரம் வெளியே நிறுத்தியிருந்தேன், மழை வந்தது. அந்தப் பிரைமர் நுண்துளைகள் கொண்டது, தண்ணீரைத் தடுக்காது. பழுப்புப் புள்ளிகள் மேலெழும்பி, அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி உலோகம்வரை தேய்க்க நேர்ந்தது.

பெயிண்டைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் வீட்டுக்கும் பட்டறைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு எனக்கு உறைத்தது. பட்டறைகள் பயன்படுத்தும் இரு பாக பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அந்தத் தூவலைச் சுவாசிப்பவருக்குத் தீராத ஆஸ்துமா வரலாம்; ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். ஆபத்தான அளவு காற்றில் கலந்திருந்தாலும் வாசனை எச்சரிக்காது என்பதால், பட்டறையில் பெயிண்டர் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடியை அணிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என்னிடம் அந்த வசதி இல்லை. அதனால் ஹார்ட்னர் கலக்காத, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானே இறுகும் பழைய வகை எனாமலைத் தேர்ந்தெடுத்து, அதற்கும் கரி வடிகட்டி உள்ள முகமூடி அணிந்தே அடித்தேன். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கும் நண்பர்களிடம் நான் சண்டைக்கே போவதுண்டு.

தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, முதலில் பின்கதவைத்தான் அடித்தேன். தனியாகக் கழற்றிச் சாய்த்து வைக்க முடிகிற அதைவிடப் பழகுவதற்கு ஏற்ற பாகம் பிக்கப்பில் வேறில்லை. கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒவ்வோர் இழுப்பும் முந்தையதில் பாதியை மூடும்படி நகர்த்த வேண்டும். கை ஒரு நொடி தயங்கினால் பெயிண்ட் வழியும். தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரு வழிசல் இன்றும் இருக்கிறது. ஒரு பூச்சியும் வந்து உட்கார்ந்தது. ஈரத்தில் அதை எடுக்கப் போனதுதான் என் இரண்டாவது தவறு. காயவிட்டுத் தேய்த்திருந்தால் இருந்த இடம் தெரிந்திருக்காது.

பட்டறையிலிருந்து கேபின் வந்தபோது உண்மையிலேயே பொறாமைப்பட்டேன். வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே இறங்கும் அறையில் அடித்து, சுமார் 60 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் வாட்டியெடுத்த பரப்பில் தூசி என்று ஒரு புள்ளிகூட இல்லை. என் எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர ஒரு நாளும், முழுவதும் இறுகப் பல வாரங்களும் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் மூடிக்கு அருகே சிந்திய துளிகள் அதை மங்கலாக்கிவிட்டன.

இரண்டு வருடம் கழித்து நிலைமை இதுதான். தொட்டியின் நீலம் பளபளப்பை இழந்துவிட்டது. விரலால் தேய்த்தால் மாவுபோல லேசாக ஒட்டுகிறது. கேபின் இன்னும் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆனால் முன்கண்ணாடி ரப்பரை ஒட்டி, கேபினின் மேல் மூலையில், வரிசையாக மூன்று கொப்புளங்கள் எழும்பியிருக்கின்றன. ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டியே அடித்திருக்கிறார்கள். அடியில் இருந்த துரு அப்படியே இருந்திருக்கிறது. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றும் வேலை தொகையில் சேருமா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. என் சக்கர வளைவில் மட்டும் இதுவரை ஒரு புள்ளி துரு இல்லை.

ஆகவே இனி ஒரு வண்டியைச் செய்தால், கழற்றுவதையும் துருவெடுப்பதையும் நானே செய்து, எபாக்சிவரை கொண்டுபோய், அடிக்கும் வேலையை மட்டும் பட்டறையிடம் கொடுப்பேன். இதற்கு எல்லாப் பட்டறைகளும் ஒப்புக்கொள்வதில்லை; பிறர் தேய்த்த பரப்பின் மேல் அடித்த பெயிண்டுக்கு உத்தரவாதம் தர அவர்கள் தயங்குவது நியாயம்தான். எந்த நிறுவனத்தின் பிரைமர், எத்தனை பூச்சு, கடைசியாக எந்த எண் தாள் என்று முன்கூட்டியே அவர்களோடு பேசி முடிவுசெய்துகொண்டால் சிலர் சம்மதிக்கிறார்கள்.

அந்த மூன்று கொப்புளங்களுக்காகப் பட்டறைக்குப் போனேன். மேலாகத் தேய்த்து அந்த மூலைக்கு மட்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை முன்கண்ணாடியை நானே கழற்றப் போகிறேன். ரப்பருக்கு அடியில் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வண்டி அங்கே போகும்.