10 கிலோஆம்பியர் இம்பல்ஸ்: கம்பியில்தான் எல்லாம் இருக்கிறது

சர்ஜ் அரெஸ்டருக்குள் (மின்னல் போன்ற திடீர் மின்னழுத்தத்திலிருந்து கருவிகளைக் காக்கும் சாதனம்) இருக்கும் ஜிங்க் ஆக்சைடு வில்லைகளைச் சோதிக்க எங்களுக்கு 10 கிலோஆம்பியரில் 8/20 இம்பல்ஸ், அதாவது நொடியில் வந்து போகும் மின்னோட்ட அலை, தேவைப்பட்டது. ஏற்றம் 8 மைக்ரோ வினாடி, 20-ல் உச்சத்தின் பாதியாக இறங்க வேண்டும். ஐஇசி 60099-4 தரநிலைப்படி ஏற்றம் 7 முதல் 9 வரை, பாதி 18 முதல் 22 வரை இருக்கலாம்.

25 கிலோவோல்ட் தாங்கும் 2 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்கள் ஏழு இருந்தன. பேரலலில் 14 மைக்ரோ ஃபாரட். இந்த அலைக்கு இண்டக்டன்ஸையும் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் தன்மை) கெப்பாசிட்டன்ஸையும் மைக்ரோ ஹென்றி, மைக்ரோ ஃபாரடில் எடுத்துப் பெருக்கினால் 65 வர வேண்டும். அப்படியானால் மொத்த இண்டக்டன்ஸ் சுமார் 4.6 மைக்ரோ ஹென்றி, ரெசிஸ்டன்ஸ் அரை ஓம். 10 கிலோவோல்ட் சார்ஜ் செய்தால் 10 கிலோஆம்பியர் கிடைக்கும். தாளில் இவ்வளவுதான்.

வில்லைக்குப் பதில் ஷார்ட், அதாவது நேரடி இணைப்பு, வைத்துச் சுட்டதில் (சார்ஜை ஒரே அடியாகப் பாய்ச்சியதில்) 8.5 கிலோஆம்பியர்கூட வரவில்லை, ஏற்றம் 11-ஐத் தாண்டியது. காரணம் கண்ணெதிரே கிடந்தது. கெப்பாசிட்டர்கள் நேர் வரிசையில் நின்றன, கடைசியில் இருப்பதிலிருந்து ஸ்பார்க் கேப் (தீப்பொறி பாய்ந்து சுவிட்ச் போல இணைக்கும் இடைவெளி) வரை நீளக் கேபிள். ஒரு மீட்டர் கம்பி ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்றி. கேபிளைத் தடிமனாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள், அதில் பெரிய பலன் இல்லை. போகும் பாதைக்கும் திரும்பும் பாதைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் ஒழிக்க வேண்டும்.

கெப்பாசிட்டர்களைக் குதிரை லாட வடிவில் நிறுத்தி, நடுவில் சோதனைப் பொருளை வைத்தோம். கேபிளை எடுத்துவிட்டு அகலமான செம்புப் பட்டைகள் இரண்டை, நடுவே இன்சுலேஷன் ஷீட் மட்டும் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தோம். இப்போது இண்டக்டன்ஸ் தேவைக்கும் கீழே போனது. குறைந்ததைச் சிறிய கம்பிச் சுருள் ஒன்றைப் போட்டுச் சரிக்கட்டினோம். குறைவாக இருந்தால் கூட்டலாம், அதிகமானால் பிடுங்க முடியாது என்பதால் இந்த வரிசையில் செய்வதே நல்லது.

மின்னோட்டத்தை அளவெடுக்க ரோகோவ்ஸ்கி காயில், அதாவது கடத்தியைச் சுற்றி மாட்டும் அளவீட்டுச் சுருள். அதைக் கடத்தியைச் சுற்றாமல் பக்கத்தில் தொங்கவிட்டு ஒருமுறை சுட்டுப் பாருங்கள். ஆசிலோஸ்கோப்பில் கோடு தட்டையாக நிற்க வேண்டும். ஏதாவது துள்ளினால் அது கரண்ட் இல்லை, இரைச்சல். கேபிள் ஷீல்டையும் எர்த்தையும் முதலில் பாருங்கள்.

அப்புறம் வில்லையை வைத்தோம். அதன் எஞ்சு மின்னழுத்தம், அதாவது இம்பல்ஸ் பாயும்போது வில்லையின் குறுக்கே நிற்பது, சுமார் 8 கிலோவோல்ட். சார்ஜில் அந்த அளவு கழிந்துவிடும், ஆகவே 18 கிலோவோல்ட் வரை ஏற்றினால்தான் அதே 10 கிலோஆம்பியர். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஷார்ட்டில் சுட்டால் கெப்பாசிட்டர் ஏறக்குறைய காலியாகும், வில்லையோடு சுட்டால் காலியாகாது. மின்னழுத்தம் இறங்கியதும் வில்லை மின்னோட்டத்தை விடாமல் மூடிக்கொள்வதால் 4, 5 கிலோவோல்ட் உள்ளேயே நிற்கும். சத்தம் கேட்டுவிட்டது, முடிந்தது என்று கை வைக்கக் கூடாது. எர்த் ராடால் (எர்த்தோடு இணைத்த, கைப்பிடியுள்ள கோல்) ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தொட்டு, ஷார்ட்டிங் கம்பியை மாட்டிவிட்டே வில்லையைக் கழற்ற வேண்டும். அந்தக் கம்பி அடுத்த சார்ஜ் வரை அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் இறக்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் மெல்ல ஏறும்.