மூன்று போத்தல் கிணற்றுத் தண்ணீர்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு முழுக்க மணல். மார்கழி மழைக்குக் கிணற்றில் குனிந்தே தண்ணீர் அள்ளலாம். போன மாரி முடிந்ததும் வழக்கம்போல் குளோரின் தூள் கரைத்து ஊற்றினோம். அடுத்த நாள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்ணீரில் மிச்சக் குளோரின் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் சோதனையில் நிறம் வர வேண்டும். நிறமே வரவில்லை. இன்னொரு தடவை, கூடுதலாகப் போட்டோம். அப்போதும் இல்லை.

"குளோரினை ஏதோ தின்னுது. அமோனியமா இருக்கலாம், ஒருக்கா பரிசோதிச்சுப் பாருங்க" என்றார். அமோனியா தண்ணீரில் கரைந்து நிற்கும் வடிவம்தான் அமோனியம்.

தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது, மணமும் இல்லை. அக்கா மகன் மீன்தொட்டிக்கு வைத்திருந்த அமோனியாச் சோதனைத் திரவத்தை விட்டுப் பார்த்தான். மஞ்சளாக நிற்க வேண்டியது பச்சையானது. சரி, ஆய்வுகூடத்துக்கே போவோம் என்று சோடாப் போத்தலில் நிரப்பிக்கொண்டு போனேன். வாங்கவே இல்லை. வெயிலில் வந்த தண்ணீர், அதுவும் சோடாப் போத்தலில்!

அவர்களே போத்தல்கள் தந்தார்கள். இரசாயனச் சோதனைக்கான இரண்டையும் அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசி, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கான சிறிய போத்தலை மட்டும் அலசவே கூடாது. அது கிருமி நீக்கியது. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அன்றைக்கே கொடுக்க வேண்டும். விடிய எழும்பி அள்ளி, ஓட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அறிக்கையில் 'அமோனியா நைதரசன் லீற்றருக்கு 0.9 மில்லிகிராம்' என்றிருந்தது. இங்கேதான் நான் குழம்பினேன். அது அதிலுள்ள நைதரசனின் அளவு மட்டும். அமோனியமாகப் பார்க்க 1.29 ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 1.2 வரும். சாதாரண நிலத்தடி நீரில் 0.2க்குக் கீழேதான் இருக்குமாம். மணம் தெரியத் தொடங்குவதே ஏறத்தாழ 1.5இல். என் மூக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

அமோனியம் அந்த அளவில் நேரடியாக ஆளை ஒன்றும் செய்யாது. உலக சுகாதார நிறுவனமும் அதற்குச் சுகாதார எல்லை வைக்கவில்லை. ஆனால் கழிவுநீர் கலக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம். குளோரினோடு சேர்ந்து குளோரமீனாகிவிடுவதால் கிருமியைக் கொல்லும் வேகமும் குறையும். எங்கள் கிருமி அறிக்கையும் நல்லதாக இல்லை. "கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்" என்றார் அம்மா. கொதித்தால் கிருமி சாகும், கழிவு கலப்பது நிற்காதே.

பக்கத்து வளவு ஆட்டுக்கொட்டிலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பி.எச்.ஐ. கயிறு பிடித்து அளந்தபோது எங்கள் பழைய மலசலகூடக் குழியே கிணற்றிலிருந்து 28 அடியில் இருந்தது. 50 அடியாவது வேண்டும். ஆட்டுக்காரரிடம் வாய் விடாமல் இருந்தது என் நல்ல காலம்.

குழியை மூடி, வளவின் மறுகோடியில் புதிது கட்டினோம். பங்குனியில் திரும்பக் கொடுத்த தண்ணீரில் 0.3. இன்னும் குடிக்கத் தொடங்கவில்லை. குளிக்கவும் மரங்களுக்கும்தான் கிணறு. குழாய்த் தண்ணீரில் தேத்தண்ணி ருசிக்கவில்லை என்று அம்மா தினமும் சொல்கிறார்.