"வருஷத்துக்கு எத்தனை விப்பிள்?"னு கேட்டதுக்கு வந்த கோபம்

அப்பா டிஸ்சார்ஜ் ஆகி மூணு வாரம் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடியுது. கண்ணு மஞ்சளானது, அரிப்பு, சிடி ஸ்கேன், கணையத் தலையில கட்டி, பித்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட்ங்கற சின்னக் குழாய் வெச்சு காமாலையை இறக்கினது எல்லாம் மளமளன்னு முடிஞ்சுது. கூத்து அதுக்கப்புறம்தான்.

முதல்ல பாத்த சர்ஜன் நல்ல மனுஷன்தான். விப்பிள்ங்கற ஆபரேஷன் பண்ணணும், கணையத் தலை, டியோடினம்ங்கற சிறுகுடலோட முதல் பகுதி, பித்தப்பை, பித்தக்குழாயில ஒரு பகுதி எல்லாம் எடுத்துட்டு மூணு இடத்துல திரும்பத் தைக்கணும், அடுத்த வாரமே வெச்சுக்கலாம்னாரு. நான் "சார், இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க?"ன்னு கேட்டேன். மூஞ்சி மாறிடுச்சு. "இருபது வருஷமா சர்ஜரி பண்றேன்மா"ன்னாரு. நான் கேட்டது அது இல்லையே! திரும்பக் கேட்டதும் "போன வருஷம் ஒண்ணு பண்ணேன்"னு வந்துச்சு. வெளிய வந்ததும் சித்தப்பா என்னைத் திட்டித் தீத்துட்டாரு, டாக்டரைப் போயி இன்டர்வியூ எடுக்கறியான்னு.

நான் சும்மா கேக்கல. 2002ல அமெரிக்காவுல மெடிகேர்ங்கற அரசு இன்சூரன்ஸ்ல (முக்கியமா வயசானவங்களுக்கானது) இருக்கற நோயாளிகளை வெச்சு வந்த பெரிய ஆய்வுல, கணையத்தை வெட்டி எடுக்கற ஆபரேஷன் சராசரியா வருஷத்துக்கு ஒண்ணுக்கும் கம்மியா பண்ற ஆஸ்பத்திரிகள்ல இறப்பு 16.3%, 16க்கு மேல பண்ற இடங்கள்ல 3.8%. இதைப் படிச்சதுக்கப்புறம் எப்படி வாயை மூடிட்டு இருக்கறது?

சரி, அடிக்கடி பண்ற டீம் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போனா, கையில இருந்த ஸ்கேன் டிஸ்க்கைப் போட்டுப் பாத்துட்டு "இதுல வெறும் ஃபோட்டோதான் இருக்கு, டைகாம் ஃபைல் எங்க?"ன்னாங்க. டைகாம்னா ஸ்கேன் மெஷின் தர்ற ஒரிஜினல் படம். அன்னிக்குப் பயணம் தண்டம். புதுசா எடுத்துக்கலாமேன்னு கேட்டேன், ஸ்டென்ட் வெக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம்தான் தெளிவா இருக்கும், கட்டி ரத்தக்குழாயைத் தொடுதான்னு அதுலதான் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. திரும்ப பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினா ரெக்கார்ட்ஸ்ல இருந்தவரு ஸ்கேன் ஃபைலுக்கு ஒரு லெட்டர், பயாப்ஸி ஸ்லைடுக்கு இன்னொரு லெட்டர், ரெண்டுலயும் டாக்டர் கையெழுத்து வேணும்னாரு, டாக்டரோ அன்னிக்கு லீவு. மூணு தடவை அலைஞ்சேன். ரிப்போர்ட் பேப்பரை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க, அந்த டிஸ்க்கை வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒருதடவை திறந்து பாத்துட்டுப் போங்க.

புது டீம்ல அதே கேள்வியைக் கேட்டேன். அங்க இருந்த சர்ஜன் அம்மா கோவிச்சுக்கவே இல்ல, நம்பரைச் சொல்லிட்டு அவங்களே "ராத்திரி ரத்தம் கசிஞ்சா யாரு பாப்பாங்கன்னும் கேளுங்க"ன்னாங்க. அப்ப எனக்கு அது பெருசாப் படல.

ஆபரேஷன் ஏழரை மணி நேரம், நல்லா முடிஞ்சுது. ஆனா வயித்துல இருந்து திரவத்தை வெளிய எடுக்கற டிரெயின் குழாய்ல வந்ததுல அமைலேஸ்ங்கற கணைய என்சைம் ஏறிட்டே இருந்துச்சு, அதாவது கணையத்தைத் தைச்ச இடத்துல லீக். எவ்ளோ கைதேர்ந்தவங்க பண்ணாலும் இது வரலாமாம். ஒம்பதாவது நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், டிரெயின் பையில கொஞ்சூண்டு சிவப்பு. பிபி நார்மல், அப்பா தூங்கிட்டிருக்காரு, நானா இருந்தா காலையில சொல்லிக்கலாம்னு விட்டிருப்பேன். அந்த நர்ஸ் விடல. டியூட்டி டாக்டரை எழுப்பினாங்க, அவரு சர்ஜனுக்கு அடிச்சாரு, ஒரு மணி நேரத்துல ரத்தக்குழாயைக் காட்டற சிடி ஆஞ்சியோ ஸ்கேன், கணையச் சாறு அரிச்சு ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கு, தொடை வழியா கம்பி விட்டு காயில்ங்கற சின்ன உலோகச் சுருள் வெச்சு அடைச்சுட்டாங்க, வயித்தைத் திரும்பத் திறக்கவே இல்ல. கொஞ்சமா வர்ற இந்த ரத்தம் பெரிய ரத்தப்போக்குக்கு முன்னறிவிப்பாம். அந்த நர்ஸ் இதை ஏற்கெனவே பாத்திருக்காங்க, வேற ஒண்ணும் இல்ல.

2009ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வும் இதைத்தான் சொல்லுது. இறப்பு கம்மியா இருக்கற ஆஸ்பத்திரியிலயும் அதிகமா இருக்கற ஆஸ்பத்திரியிலயும் சிக்கல் வர்ற அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பெரிய சிக்கல் வந்தவங்கள்ல இறந்து போனது ஒரு பக்கம் 12.5%, இன்னொரு பக்கம் 21.4%. அதனால சர்ஜன் கையை மட்டும் பாக்காதீங்க. ராத்திரியில ரத்தக்குழாய் அடைக்கற ரேடியாலஜிஸ்ட் வருவாரா, ஐசியூல யாரு இருப்பாங்கன்னு கேட்டுக்கோங்க.

அடுத்த மாசம் கீமோ. நேத்து அந்த ரெக்கார்ட்ஸ்காரர் ஃபோன் பண்ணி ஸ்லைடை எப்ப திருப்பித் தருவீங்கன்னு கேட்டாரு. லெட்டர் குடுங்க சார்னேன்.